எடுத்துப் போடு: துணிக்கடையும் துக்கமும் – சில குறிப்புகள்

‘நுகர்வுக் கலாச்சாரம்’ என்கிற சொல் நமது மேடைகளில் ஒரு வசவாக மாறி வெகுகாலம் ஆகிறது. 1991க்குப் பிறகு நடந்த கேடுகள் அத்தனையையும் அள்ளிப் போட ஒரு சாக்குப்பை கிடைத்தாற்போல அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டோம். மனசு சரியில்லை என்று ஒரு பெண் கடைத்தெருவுக்குப் போய் ஒரு சுடிதாரோ சேலையோ எடுத்துக்கொண்டு, கொஞ்சம் முகம் தெளிந்து வீடு திரும்பினால் இடதுசாரித் தோழர் அதைப் பொய்ப் பிரக்ஞை என்பார். தமிழ்த் தேசிய நண்பர் பண்பாட்டுச் சீரழிவு என்பார். பெரியாரியர், நகையும் பட்டும் பெண்ணுக்கு விலங்கு என்று ஐயா அன்றைக்கே எச்சரித்ததை நினைவூட்டுவார். மூன்று பேருக்கும் தங்களுக்குள் ஆயிரம் சண்டை. அந்தப் பெண் ஏமாந்தவள் என்பதில் மட்டும் ஒற்றுமை. மூவரும் ஆண்கள் என்பதையும், அவர்கள் மேடையேறும்போது போட்டிருக்கும் சட்டையைப் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள்தான் எடுத்து வருகிறார்கள் என்பதையும் சொல்லிவிட்டு மேலே போகலாம்.

ஏமாந்தவள் என்று தீர்ப்பு எழுதுவதற்கு முன்னால் அவளுக்குக் கிடைத்தது என்ன என்று பார்க்க வேண்டாமா? முகம் தெளிந்தது நிஜம். அந்தத் தெளிவு எதனால் ஆனது, யாரிடமிருந்து வந்தது என்பதுதான் இங்கே கேள்வி.

ஆங்கிலத்தில் இதற்கு ‘ரீட்டெய்ல் தெரபி’ என்று ஒரு பெயர் உண்டு. 1980களில் அமெரிக்கப் பத்திரிகைகளில் கிண்டலாகப் புழங்க ஆரம்பித்த தொடர். பிறகு விளம்பரக்காரர்களே அதைக் கூசாமல் எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சை என்று சொன்னவுடன் நோய் தனி ஆளுக்குள் இருப்பதாக ஆகிவிடுகிறது. நமது பேச்சுவழக்கு இந்த விஷயத்தில் கூர்மையானது. அரிசி வாங்குகிறோம், மாத்திரை வாங்குகிறோம், கடன் வாங்குகிறோம். அடி வாங்குகிறோம், திட்டு வாங்குகிறோம். வாங்குதலில் கொடுக்கிறவன் கை மேலே நிற்கிறது. துணியை மட்டும் நாம் ‘எடுக்கிறோம்’ – கூடவே நகையையும். ‘தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?’ என்றுதான் கேட்கிறோம். ரேஷன் கடையில் யாரும் அரிசியை எடுப்பதில்லை. எடுத்தல் என்றால் பலவற்றுக்கு நடுவில் நின்று இது வேண்டாம், அது வேண்டாம், இதுதான் என்று ஒன்றைத் தூக்குவது. காசு கொடுப்பது பிற்பாடு நடக்கிற சமாச்சாரம்.

இதை நிரூபிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை, போனாலும் தப்பில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஸ்காட் ரிக் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 2014இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கடையில் இதை எடுக்கலாம், இதை விடலாம் என்று தீர்மானிக்கிற செயல், கைநழுவிப் போன கட்டுப்பாட்டைத் திரும்பப் பெற்ற உணர்வைத் தருகிறது. அதனால் மிச்சமிருக்கும் துக்கம் குறைகிறது என்பது அவர்கள் முடிவு. சும்மா வேடிக்கை பார்ப்பது அந்த அளவுக்கு வேலை செய்வதில்லையாம். நமக்கு முக்கியமானது அவர்கள் கண்ட இன்னொன்று. துக்கம் குறைகிறது, கோபம் குறைவதில்லை. காரணமும் சொல்கிறார்கள்: துக்கத்தில் நடந்ததற்கு ஆள் கிடையாது, நிலைமை அப்படி, நேரம் அப்படி. கோபத்தில் ஆள் உண்டு. இன்னார் செய்தார் என்று தெரிந்த ஒன்றுக்குப் புதுத்துணி மருந்தாவதில்லை.

சந்தை ஆய்வுக்காரர்களுக்கு இது வியாபாரத் தகவல். நமக்கு அரசியல் தகவல். துணிக்கடை வேலை செய்யவேண்டுமானால் நம் கோபம் முதலில் துக்கமாக மொழிபெயர்க்கப்பட்டாக வேண்டும். ‘கடுப்பா இருக்கு’ என்பதில் யார்மேல் என்கிற கேள்வி ஒட்டிக்கொண்டே வரும். ‘மனசு சரியில்ல’ என்பதில் எழுவாயே மனசுதான். வேறு ஆள் இல்லை. ‘மனசே சரியில்ல, வா ஒரு எட்டு கடைக்குப் போயிட்டு வரலாம்’ என்கிற வாக்கியத்தில் மொழிபெயர்ப்பு ஏற்கெனவே நடந்து முடிந்திருக்கிறது.

நெய்வேலியில் இந்த மொழிபெயர்ப்பு நடப்பதைப் பார்க்க முடியும். 1956இல் நிறுவனம் தோன்றி, 1957 மே 20 அன்று நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்து, 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டு, 1962இல் சோவியத் உதவியோடு மின்சாரம் வந்ததெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒப்பிக்கிற கதை. கிராமங்களை எழுப்பி அனுப்பிவிட்டு அந்த இடத்தில் வட்டம் வட்டமாக எண் போட்டு ஒரு நகரியத்தைக் கட்டினார்கள். குவார்ட்டர்ஸ் வகை பதவிக்குத் தக்கபடி. வட்டத்தையும் வீட்டு வகையையும் சொன்னால் பெண் கேட்டு வருகிறவர்கள் சம்பளத்தை மனக்கணக்காகப் போட்டுவிடுவார்கள். வீடு சொந்தமில்லை, பணி ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும். பல நூறு வீடுகள் ஒரே அச்சு. வரிசை வீடுகளில் ஒரு வீட்டை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது கொடியில் காய்கிற துணிதான். சுரங்கமும் மின் நிலையமும் மூன்று ஷிப்டு. ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த கணவர் பகலில் தூங்குவார் என்பதற்காகப் பாத்திரம் கூடச் சத்தமில்லாமல் கழுவிப் பழகிய பெண்கள் இந்த ஊரில் ஏராளம். அவர்களுடைய நாளை அவர்கள் வைத்துக்கொள்ள முடியாது. கம்பெனிச் சங்கு வைத்துக்கொள்ளும். கோயில், ஆஸ்பத்திரி, துணிக்கடை என்று ஏன், எதற்கு என்ற கேள்வி இல்லாமல் அவர்கள் போய்வரக்கூடிய இடங்கள் மூன்று. இதில் மூன்றாவது இடத்தில்தான் அவர்கள் சொல்வதை இன்னொருவர் கேட்பார்.

இது நகரியத்துக்கு உள்ளே. வெளியே இன்னொரு நெய்வேலி இருக்கிறது. நிலம் கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்து எடுக்கப்பட்டவர்கள், நிரந்தரத் தொழிலாளிக்குப் பக்கத்தில் நின்று வருஷக்கணக்காக வேலை பார்த்தும் ‘காண்ட்ராக்ட்’ என்றே அழைக்கப்படுகிறவர்கள். 2020 மே மாதமும் ஜூலை மாதமும் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன்கள் வெடித்துத் தொழிலாளர்கள் கருகிச் செத்தபோது, அவர்களில் ஒப்பந்தத் தொழிலாளர்களும் இருந்தார்கள். யார் பொறுப்பு என்று கேட்டுப் போராட்டம் நடந்தது. அதே தெருக்களில் ‘என்ன பண்றது, அவன் நேரம்’ என்ற பேச்சும் ஓடியது. கோபத்தைத் துக்கமாக மாற்றுகிற எந்திரம் என்று நான் சொல்வது இதைத்தான். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக, கதிர் வந்த நெல்வயலுக்குள் மண்வாரி எந்திரம் இறங்கியதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. நிலம் போன பணத்தில் பைக் வாங்கினான், ஜீன்ஸ் போட்டுத் திரிகிறான் என்று கிராமத்துப் பையன்களைப் பற்றி டீக்கடையில் நக்கல் பேசுகிறவர்கள், நிலத்தை விற்பதா வேண்டாமா என்கிற தேர்வு அவனுக்கு இருந்ததா என்று கேட்பதில்லை. தேர்வு செய்ய அவனிடம் விடப்பட்டது சட்டையின் நிறம்.

போனஸையும் சொல்ல வேண்டும். போனஸ் முதலாளியின் கருணை அல்ல, ஒத்திவைக்கப்பட்ட ஊதியம் என்று தொழிற்சங்கங்கள் வருஷக்கணக்காக வாதாடின. 1965இல் சட்டமே வந்தது, குறைந்தபட்சம் 8.33 சதவீதம் என்பது தொழிலாளியின் உரிமை. அந்தப் பணம் தீபாவளிக்கு முன்னால் கைக்கு வந்து நேரே ஜவுளிக்கடைக்குப் போகும்போது மட்டும் சங்கத் தலைவர்களுக்கு முகம் சுளிக்கிறது. போராடி வாங்கிய காசைத் துணியில் போடுகிறானே என்று. வேறு எதில் போட வேண்டுமாம்?

*

சரி, ஏன் துணி? தேர்வு செய்கிற சுகம்தான் விஷயமென்றால் பிளாஸ்டிக் குடத்தையோ செருப்பையோ தேர்வு செய்தால் போதாதா? துக்கத்துக்கும் புதுத்துணிக்கும் நம்மிடையே இருக்கிற உறவு பழையது. புதுத்துணிக்கு ‘கோடி’ என்று ஒரு பெயர் உண்டு. கல்யாணத்துக்கும் கோடி, சாவுக்கும் கோடி. பிணத்தின் மேல் சம்பந்தி வீட்டார் கோடி போடுவார்கள். புருஷனை இழந்தவளுக்குப் பிறந்த வீட்டிலிருந்து கோடி வரும். அந்தச் சடங்குக்குள் விதவையை முத்திரை குத்துகிற கொடுமை இருக்கிறது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒருத்தி உடைந்துபோய் உட்கார்ந்திருக்கையில் இன்னொருவர் துணி கொண்டுவந்து அவள் தோளில் போடுவது என்கிற வழக்கம் இங்கே இருந்தது, இருக்கிறது. இன்னும் பின்னால் போனால் பொருநராற்றுப்படை. பேனும் ஈரும் குடியிருக்கிற, வேற்று நூலால் தைத்துத் தைத்து வேர்வையில் நனைந்த கந்தையைக் களையச் செய்து, பாம்புச் சட்டை போன்ற நுண்ணிய துணியைக் கரிகாலன் உடுத்தக் கொடுத்ததைப் பொருநன் சொல்கிறான். எம்.ஏ. வகுப்பில் இதைக் கொடைச் சிறப்பு என்று நடத்தினார்கள். வாங்கிக்கொள்கிற உடம்பின் பக்கமிருந்து யாரும் நடத்தவில்லை. வறுமையைச் சொல்ல வந்த கவிஞருக்கு வயிற்றுக்கு அடுத்தபடியாகத் துணி தேவைப்பட்டிருக்கிறது, அதுவும் பேன் நெளிகிற விவரத்தோடு.

அரசன் கொடுத்தான், பிறகு உறவுமுறை கொடுத்தது, இப்போது நாமே போய் எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கோடி போட ஆள் இல்லாதவள் தனக்குத்தானே கோடி போட்டுக்கொள்கிறாள் என்று இதைப் படிக்கலாம். இதில் இழப்பு உண்டு. யாருடைய கையையும் எதிர்பார்க்காத விடுதலையும் உண்டு. 1983இல் தொடங்கிய பொங்கல் வேட்டி சேலைத் திட்டத்தை நினைத்துப் பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் அந்தச் சேலையை ‘எடுத்தோம்’ என்று எந்தப் பெண்ணும் சொல்வதில்லை. ‘கொடுத்தாங்க’ என்கிறாள்.

துணியை எடுக்கிற உரிமை இங்கே எல்லோருக்கும் இருந்ததில்லை என்பதற்கு வருகிறேன். நுகர்வு எதிர்ப்புப் பேசுகிற தோழர்கள் பலர் தாவிக்கடந்து போகிற இடம் இது. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் கள்ளர் சாதியினர் ஆதிதிராவிடர்கள் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். ஹட்டன் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார். தங்க, வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. முடியைக் கத்தரித்துக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ கொண்டு மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது.

இதை ஒரு பிரதியாக வைத்துப் படித்துப் பாருங்கள். எட்டில் ஏழு உடம்பைப் பற்றியவை. பாத்திரம் ஒன்றுதான் உடம்புக்கு வெளியே. பட்டினி கிட என்று ஒரு விதிகூட இல்லை. கூலி கேட்காதே என்பதுகூட இந்தப் பட்டியலில் இல்லை. தூரத்திலிருந்து பார்த்தாலே இவன் யார் என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான் கவலை. முழங்காலும் இடுப்பும் எல்லைக்கோடுகள். அவற்றுக்கு நடுவே இருக்கிற ஒரு முழம் துணிதான் அந்த மனிதனுக்கு ஊர் அனுமதித்த இடம். அதைத் தாண்டி ஒரு பனியன் ஏறினால் மொத்த ஒழுங்கும் கலைந்துவிடும் என்று ஆதிக்கச் சாதிக்குத் தெரிந்திருந்தது. நமக்குத்தான் தெரியவில்லை, பனியனைப் பண்டம் என்கிறோம். தெற்குத் திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் தோள்சீலைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டு 1859இல் ஓர் ஆணையை வாங்கியதும் இதே வரலாறு. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி சட்டையைக் கழற்றினார். 1927 டிசம்பரில் மகாடில் அம்பேத்கர் தலித் பெண்களிடம், மேல்சாதிப் பெண்களைப் போல் சேலையை இறக்கிக் கட்டுங்கள், தீண்டாமையின் அடையாளமாக இருக்கிற உடுப்பை விடுங்கள் என்று பேசினார். கழற்றுவதற்கு முதலில் ஒரு சட்டை இருக்க வேண்டும். அதைப் போடுகிற உரிமையை யாரும் கேள்வி கேட்காதிருக்க வேண்டும்.

பழைய கதை என்று யாராவது சொல்லலாம். 2012 நவம்பர் 7 அன்று தர்மபுரியில் நத்தம் காலனி உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் எரிக்கப்பட்டன. சாதி மறுப்புக் காதல் காரணம் என்றார்கள். எரிந்தவை பெங்களூருக்குப் போய் உழைத்துச் சம்பாதித்து வாங்கிய பீரோக்கள், டி.வி.க்கள், பைக்குகள், பீரோவுக்குள் மடித்து வைத்திருந்த துணிமணிகள். அதன்பிறகுதான் பா.ம.க. நிறுவனர் ராமதாஸ், தலித் இளைஞர்கள் ஜீன்ஸும் டி-சர்ட்டும் கூலிங் கிளாஸும் போட்டுக்கொண்டு பிற சாதிப் பெண்களை மயக்குகிறார்கள் என்று ஊர் ஊராகப் பேசினார். 1930இன் பட்டியல் 2012இல் ஒலிபெருக்கியில் திருத்திய பதிப்பாக வெளிவந்தது. பேசியவர் குரல் எட்டுகிற வட்டாரம்தான் கடலூர் மாவட்டமும். நெய்வேலியைச் சுற்றியுள்ள எந்தக் காலனிப் பையனுக்கும் ஜீன்ஸ் எடுக்கப் போவது இதற்கப்புறம் வெறும் ஷாப்பிங் இல்லை.

ஒரு இடைச்செருகல். செப்பு ஆணி அடித்த ஜீன்ஸுக்கு அமெரிக்காவில் லெவி ஸ்ட்ராஸும் ஜேக்கப் டேவிஸும் காப்புரிமை பெற்றது 1873 மே 20. சுரங்கத் தொழிலாளிகள் போன்ற கடும் உழைப்பாளிகளுக்காக வந்த உடுப்பு அது, பாக்கெட் கிழியாமல் இருக்க ஆணி. நேரு நமது சுரங்கத்தைத் தொடங்கிவைத்ததும் ஒரு மே 20 என்பது தற்செயல்தான். ஆனால் ஒரு சுரங்க ஊரில் சுரங்கத் தொழிலாளியின் மகன் சுரங்கத் தொழிலாளியின் உடுப்பைப் போட்டுக்கொண்டு நடந்தால் அவனைத் திமிர் பிடித்தவன் என்கிற தமிழ்ச் சமூகத்தை என்ன செய்வது?

மார்க்ஸின் கோட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ‘மூலதனம்’ முதல் தொகுதியில் கோட்டும் லினன் துணியும் மதிப்பு வடிவத்தை விளக்க வருகின்றன. பண்ட வழிபாடு பற்றிப் பேசுகிறவர்களுக்கு அது தெரியும். 1852 பிப்ரவரியில் தன் கோட்டுகள் அடகுக் கடையில் இருப்பதால் வீட்டைவிட்டு வெளியே போக முடியவில்லை என்று எங்கெல்ஸுக்கு அவர் எழுதியது அதே அளவு தெரிந்திருக்க வேண்டும். கோட்டு இல்லாமல் தெருவில் இறங்க முடியாத ஒருவர்தான் கோட்டைப் பற்றி அவ்வளவு யோசித்தார்.

*

இவ்வளவும் சொன்னதால், புதுத்துணி எடுப்பதே கலகம் என்று முடித்துவிடலாம் போலிருக்கும். பின்நவீனத்துவம் படித்த நண்பர்கள் சிலர் அப்படி முடித்து வைக்கிறார்கள். தெ செர்த்தோ பெயரைச் சொன்னால் போதும், பில் போடுகிற வரிசையில் நிற்பதுகூட எதிர்ப்புத் தந்திரமாகிவிடுகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைக்குள் இன்னொரு பெண் நிற்கிறாள். அவளைக் கணக்கில் சேர்க்காமல் இந்த இன்பத்தைப் பேச முடியாது.

வாரப் பத்திரிகைகளின் சேலைக்கடை ஜோக்கை எடுத்துக்கொள்ளுங்கள். மனைவி கடையையே புரட்டிப் போடுவாள். விற்பனையாளர் வியர்த்துக் கொட்டுவார். கணவன் மூலையில் பர்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். கடைசியில் அவள், ‘பக்கத்துக் கடையிலயும் பார்த்துட்டு வர்றேன்’ என்பாள். பல பத்தாண்டுகளாக வேறு வேறு படம் போட்டு இதே ஜோக். சிரிப்பு எங்கிருந்து வருகிறது? ஒரு பெண் ‘எடுத்துப் போடு’ என்று சொல்ல ஓர் ஆண் எடுத்துப் போடுகிறான். நூறைப் பார்த்துவிட்டு அவள் மறுக்கிறாள். பெண் பார்க்கிற சடங்கைத் தலைகீழாகத் திருப்பிப் போட்ட காட்சி அது. பஜ்ஜி சொஜ்ஜி தின்றுவிட்டு ‘ஊருக்குப் போய் லெட்டர் போடுறோம்’ என்று எழுந்து போனவர்களுக்கு அந்தப் பெண் கடையில் வைத்துக் கணக்கு தீர்க்கிறாள். ஜோக் எழுதிய ஆண்கள் பயத்தில் சிரித்திருக்கிறார்கள்.

அந்தக் கணக்கு யார் தலையில் தீர்கிறது என்பதுதான் சிக்கல். பழைய ஜவுளிக்கடையில் வெள்ளை விரித்த மெத்தை இருக்கும். வாங்க வந்தவர்களும் ஏறி உட்காருவார்கள், துணி காட்டுகிறவரும் உட்கார்ந்து காட்டுவார். அந்த மெத்தையில் யார் ஏறலாம், யார் படிக்குக் கீழே நின்று கைகாட்டிக் கேட்க வேண்டும் என்பது சொல்லாமலே தெரிந்திருந்தது. அந்தச் சமத்துவத்தின் லட்சணம் அவ்வளவுதான். பிறகு கண்ணாடியும் விளக்கும் குளிர்சாதனமும் வைத்த ஷோரூம் வந்தது. அங்கே படி கிடையாது. காசு வைத்திருக்கும் எவரையும் ‘வாங்க சார், வாங்க மேடம்’ என்பார்கள். நகரியத்தில் பெருக்குகிற வேலை பார்க்கும் ஒப்பந்தத் தொழிலாளிப் பெண்ணை, பேர் சொல்லி ஒருமையில் கூப்பிடாதவர் அவள் வேலை பார்க்கிற தெருவில் குறைவு. சின்னப் பிள்ளைகள்கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிடும். வருஷத்துக்கு ஒரு தரம், தீபாவளிக்கு முந்தின வாரம், கடலூரிலோ விருத்தாசலத்திலோ ஒரு கடையின் வாசலைத் தாண்டும்போது அவள் மேடம் ஆகிறாள். அந்த ஒரு சொல்லுக்காகவே பஸ் ஏறிப் போகலாம். சும்மா சொல்லக்கூடாது, அவள் இடத்தில் நான் இருந்தாலும் போவேன்.

அந்த மேடம் என்ற சொல்லை உச்சரிக்க ஒரு வாய் வேண்டும். அது பெரும்பாலும் அவளுடைய ஊரைப் போன்ற ஓர் ஊரிலிருந்து, அவளுடைய மகள் வயதில் வந்த பெண்ணின் வாய். காலை பத்திலிருந்து ராத்திரி பத்து வரைக்கும் நின்றுகொண்டு, முப்பதாவது சேலையைப் பிரிக்கும்போதும் முதல் சேலைக்குச் சிரித்த சிரிப்பைச் சிரிக்க வேண்டிய வேலை அவளுடையது. நம் துக்கத்தைக் குறைக்கிறது என்று மிச்சிகன்காரர்கள் சொல்கிற அந்தக் கட்டுப்பாட்டு உணர்வு ஆகாயத்திலிருந்து இறங்குவதில்லை. அந்தப் பெண் தன் உடம்பின் மேலுள்ள கட்டுப்பாட்டைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு விட்டுக்கொடுக்கிறாள். நமக்குக் கிடைப்பது அதிலிருந்து வெட்டிய துண்டு. அவளுக்குப் பின்னால் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு ரயிலேறிய விருத்தாசலம் பக்கத்துப் பிள்ளைகள், சுமங்கலித் திட்டத்தில் மூன்று வருஷம் நூற்பாலை விடுதிக்குள் அடைபட்ட பெண்கள், குறிஞ்சிப்பாடியில் கைலித் தறியில் குனிந்திருக்கிறவர்கள் என்று வரிசை நீளும். அவர்களைக் கடையில் நாம் பார்ப்பதில்லை. இவளைப் பார்க்கிறோம். பார்த்துக்கொண்டே ‘அந்த மெரூன் கலரை எடுத்துப் போடும்மா’ என்கிறோம்.

2010இல் வந்த வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’, ரங்கநாதன் தெருக் கடைகளுக்குத் தென்மாவட்டங்களிலிருந்து ஓட்டி வரப்பட்ட பிள்ளைகளின் உடம்பைத் தமிழ் சினிமாவுக்குள் கொண்டுவந்தது. அவர்களை அடைத்துப் படுக்க வைத்த கூடம், சோற்றுக்கு அடித்துப்பிடித்து நிற்கிற வரிசை, தாமதத்துக்குப் பிடிக்கிற சம்பளம் எல்லாம் அதில் உண்டு. முக்கியமான படம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வாங்க வருகிறவர்கள் அதில் பெரும்பாலும் கூட்டமாகவே வருகிறார்கள், முகமில்லாத வெள்ளம். அந்த வெள்ளத்திலும் யாரோ ஒருத்தி மேடம் என்று கூப்பிடப்படுவதற்காகப் பஸ் ஏறி வந்திருக்கிறாள் என்று படத்துக்குத் தோன்றவில்லை. கொடுமைக்காரராக ஓர் அண்ணாச்சியும் ஒரு சூப்பர்வைசரும் கிடைத்துவிட்டதால் நாம் நிம்மதியாக அழுதுவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதே தெருவுக்குப் போக முடிந்தது. நமது எழுத்தாளர்களும் அழுக்குத் துணி பற்றி எழுதிய அளவுக்குப் புதுத்துணி பற்றி எழுதவில்லை என்று எனக்குப் படுகிறது. இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) ஊர்த் துணியை வெளுக்கிற ஆரோக்கியத்தின் கைகளை நமக்குக் காட்டியது. புதுத்துணியைப் பிரித்துக் காட்டுகிற கைகளின் நாவல் இன்னும் வரவேண்டியிருக்கிறது.

நின்றுகொண்டிருந்த பெண்கள் இதற்கிடையே எழுத்தாளர்களுக்காகக் காத்திருக்கவில்லை. கோழிக்கோட்டு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் பி. விஜி தலைமையில் ‘பெண்கூட்டு’ என்று சேர்ந்தார்கள். முதலில் கேட்டது கழிப்பறை. பிறகு கேட்டது உட்கார ஒரு இடம். 2018இல் கேரள அரசு சட்டத்தைத் திருத்தியது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்துக்கும் திருத்தம் வந்தது. சட்டமன்றத்தில் முன்மொழிந்த தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வெ. கணேசன், நமது மாவட்டத்துத் திட்டக்குடி தொகுதிக்காரர். 1947ஆம் வருஷத்துச் சட்டத்துக்குள் நாற்காலி நுழைய 74 வருஷம் ஆகியிருக்கிறது.

அந்தத் திருத்தத்தின் வாசகத்தைக் கவனிக்க வேண்டும். எல்லா ஊழியருக்கும் தகுந்த இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு நடுவில் உட்கார வாய்ப்பு ஏற்படும்போது அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்கிற பொருளில் எழுதியிருக்கிறார்கள். வாய்ப்பு எப்போது ஏற்படும்? எதிரில் நாம் இல்லாதபோது. நாம் உள்ளே நுழைந்ததும் அவள் எழுந்துவிட வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. எழுந்துவிடுவாள் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. ‘வாடிக்கையாளர் முன்னாடி உக்காந்தா மரியாதையா இருக்காது’ என்று கடைக்காரர்கள் சொல்கிறார்கள். அது யாருக்கான மரியாதை என்று அவர்களுக்குத் தெரியும். அவர்கள் விற்பதில் பாதி அதுதான்.

ஒரு பெண் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, நமக்குக் கண்ணுக்கு நேராகக் கண் பார்த்து, ‘இந்தக் கலர் உங்களுக்கு எடுக்காதுக்கா, வேற பாருங்க’ என்று சொன்னால் அந்தக் கடையில் துணி எடுப்போமா, பக்கத்துக் கடைக்குப் போவோமா என்பதை இந்தத் தீபாவளிக்குப் போய்வருகிற தோழர்கள் எழுதினால் நல்லது.